மூன்றாம் கிழமை திரும்பி வரும் பிள்ளைகள்

கிளிநொச்சியில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தின் பயிற்சி இணைப்பாளர் கேட்டிருக்கிறார்: "வருடத்துக்கு ஏறத்தாழ 40 பிள்ளைகளை ஆறு மாத வேலைத்தளப் பயிற்சிக்கு அனுப்புகிறோம். நல்ல இடங்கள் எப்போதும் ஒரே வகைப் பிள்ளைகளுக்கே போய்ச் சேருகின்றன. உட்கிராமங்களில் இருந்து வருபவர்கள், பெண்பிள்ளைகள், செயற்கைக்கால் போட்ட ஒரு மாணவர் ஆகியோருக்கு இடம் கிடைத்தாலும் இரண்டாம் மூன்றாம் கிழமையில் நின்றுவிடுகிறார்கள். கம்பனிகளின் மனதை எப்படி மாற்றுவது?"

கம்பனிகளோடு கதைக்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகள் நின்றுபோவதற்கான காரணங்களில் பெரும்பகுதி கம்பனி வாசலுக்கு முன்னாலேயே கிடக்கிறது. இடத்தை யார் தேடுகிறார்கள், முதல் சம்பளம் வரும்வரை காசு எங்கிருந்து வருகிறது, பயிற்சி எந்த மாதத்தில் தொடங்குகிறது: இந்த மூன்றையும் தீர்மானிப்பது உங்கள் நிலையம்தான். ஆகவே அங்கிருந்து தொடங்குகிறேன்.

"இடத்தை நீங்களே பிடித்துக்கொண்டு வாருங்கள், கடிதம் தருகிறோம்" என்று சொல்லும் வழக்கம் உங்கள் நிலையத்தில் இருந்தால், அதை முதலில் நிறுத்துங்கள். பார்வைக்கு அது எல்லோருக்கும் சமமான விதி. நடப்பில், கொழும்பில் மாமா இருக்கிற பிள்ளைக்கும் யாழ்ப்பாணத்தில் தெரிந்த என்ஜினியர் இருக்கிற பிள்ளைக்கும் ஒரு தொலைபேசி அழைப்பில் இடம் கிடைக்கும். ஜெயபுரத்திலோ கல்மடுவிலோ இருந்து முதன்முதலாகத் தொழிற்கல்விக்கு வந்த பிள்ளை நாலு கம்பனிக்குப் பஸ் ஏறிப் போய், காவலாளியோடு கதைத்துவிட்டுத் திரும்பி வரும். கடைசியில் கிடைப்பது ஊருக்குள் உள்ள போட்டோப் பிரதிக் கடையோ, ஒன்றும் பழக்காத ஒரு கராஜோதான். மலையகத்திலிருந்து 1977க்குப் பிறகு வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம். தெரிந்தவர், உறவினர் என்ற வலை அவர்களுக்கு இங்கே மிகச் சிறியது.

அதற்குப் பதிலாக நிலையமே ஓர் இடப் பதிவேடு வைக்க வேண்டும். கணினியில் ஓர் எக்செல் தாள் போதும். ஒவ்வொரு இடத்துக்கும் எழுத வேண்டியவை: எந்தத் தொழில், எத்தனை பேர், பொறுப்பாக நின்று பழக்கும் ஆள் யார், வேலை தொடங்கும் முடியும் நேரம், கொடுப்பனவு எவ்வளவு, அது மாதத்தின் எந்தத் திகதியில் கைக்கு வரும், பஸ் தரிப்பிடத்திலிருந்து எத்தனை மீற்றர், கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு, அங்கே வேலைத்தள மொழி எது, பெண்களுக்குத் தனி மலசலகூடம் உண்டா, சென்ற முறை போன பிள்ளை முடித்ததா, முடிக்காவிட்டால் ஏன். கடைசி இரண்டு நிரல்களையும் பலர் விட்டுவிடுகிறார்கள். மூன்று வருடம் அவற்றை ஒழுங்காக நிரப்பினால், எந்த இடத்துக்குப் பிள்ளைகளை இனி அனுப்பக்கூடாது என்பதைப் பதிவேடே சொல்லிவிடும்.

வன்னிக்குள் இடமே இல்லை என்று ஒரு பேச்சு இருக்கிறது. தனியார் கம்பனிகளை மட்டும் எண்ணினால்தான் அப்படித் தோன்றும். நீர்ப்பாசனத் திணைக்களம், மின்சார விநியோக நிறுவனம், நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, வீதி அபிவிருத்தி அதிகார சபை, பிரதேச சபைகளின் வாகனத் திருத்தகங்கள், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள், அரிசி ஆலைகள், ஆடைத் தொழிற்சாலைகளின் இயந்திரப் பராமரிப்புப் பகுதி, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளின் மின், குளிரூட்டிப் பராமரிப்பு வேலைகள் என்று எண்ணிப் பாருங்கள். அரச இடங்களில் ஒரு சிக்கல் உண்டு: பலவற்றில் கொடுப்பனவு கிடையாது. ஆகவே அவற்றை "வசதியற்ற பிள்ளைக்கு வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடம்" என்று கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்காதீர்கள். வீட்டுக்குப் பக்கமாக இருந்தாலும் ஆறு மாதம் வருமானமில்லாமல் இருப்பது அந்தப் பிள்ளைக்குத்தான் மிகப் பெரிய பாரம். இன்னொன்று, திணைக்களத் தலைவரின் அனுமதிக் கடிதம் மேலிடம் போய்த்தான் வரும். இரண்டு மாதம் முன்னதாகக் கேட்காவிட்டால் மற்றவர்கள் தொடங்கிய பிறகுதான் அந்தக் கடிதம் வந்து சேரும்.

இனிக் காசு. இதை நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்றாம் கிழமைக் கதையின் வேர் பெரும்பாலும் இங்கேதான்.

பிள்ளையை ஓரிடத்துக்கு ஒதுக்குவதற்கு முன் அந்தப் பிள்ளைக்கும் அந்த இடத்துக்குமான செலவுத் தாள் ஒன்றைப் போடுங்கள். எண்களை அந்த மாதக் கட்டணப்படி நீங்களே நிரப்ப வேண்டும். கீழே உள்ளது கணக்குப் போடும் முறைக்கான உதாரணம் மட்டும். ஒருவழிப் பஸ் கட்டணம் 150 ரூபா, மாதத்துக்கு 22 நாள் என்றால் போக வர 6,600. மத்தியானச் சாப்பாடு 300 ரூபா வீதம் 6,600. தொலைபேசி டேட்டா 1,000. ஆக மாதம் 14,200. பாதுகாப்புச் சப்பாத்து, வேலை உடுப்பு, பொலிஸ் அறிக்கை, போட்டோ என்று ஒருமுறைச் செலவு 8,000. கம்பனி தரும் கொடுப்பனவு 10,000 என்றால் மாதம் 4,200 துண்டு விழுகிறது. ஆறு மாதத்துக்கு 25,200, ஒருமுறைச் செலவும் சேர 33,200 ரூபா. "கொடுப்பனவுடன் கூடிய பயிற்சி" என்று நாம் பெருமையாகச் சொல்லும் இடத்துக்குப் போக அந்தக் குடும்பம் கையிலிருந்து போடும் காசு இது.

அதைவிடக் கொடுமை காசு வரும் நேரம். முதல் மாதக் கொடுப்பனவு அடுத்த மாதம் 10ஆம் திகதியோ 25ஆம் திகதியோதான் வரும். வங்கிக் கணக்கு இலக்கத்தைக் கணக்குப் பகுதி பிழையாகப் பதிந்தால் இன்னும் ஒரு மாதம். அதாவது முதல் 40 முதல் 55 நாட்கள் பிள்ளை முழுக்க வீட்டுக் காசில் ஓட வேண்டும். கடன் வாங்கிய முதல் 5,000 ரூபா எத்தனை நாளைக்கு வரும் என்று மேலே உள்ள கணக்கில் பாருங்கள்: நாளுக்கு 600 ரூபாவென்றால் எட்டு வேலைநாள். அதன்பிறகு அம்மாவின் தோடு அடைவுக்குப் போகும், அல்லது கிழமைத் தவணையில் நுண்கடன். அந்தத் தவணைக்காரர் வீட்டு வாசலுக்கு வரத் தொடங்கும்போது பிள்ளை பயிற்சியை விட்டுக் கூலி வேலைக்குப் போவதை யாரும் தடுக்க முடியாது. "ஆர்வமில்லை" என்று கம்பனி எழுதி அனுப்பும். பிள்ளையும் மறுத்துப் பேசாது, காசில்லை என்று சொல்லக் கூச்சம்.

இதற்கு ஒரு முதல் 60 நாள் நிதி வேண்டும். 40 பேரில் 12 பேருக்குத் தேவை என்று வைத்தால், ஆளுக்கு 20,000 வீதம் 240,000 ரூபா. பழைய மாணவர்கள், கூட்டுறவுச் சங்கம், புலம்பெயர்ந்து வாழும் ஊர்ச் சங்கம் ஆகியோரிடம் கேட்டால் திரட்டக்கூடிய தொகைதான். நடத்தும் முறையில்தான் கவனம் தேவை. பயணம், சாப்பாடு, சப்பாத்து ஆகியவற்றுக்குக் கொடுப்பதை மானியமாகக் கொடுங்கள், திருப்பிக் கேட்காதீர்கள். அறைக்கான முற்பணத்தை மட்டும் கடனாகக் கொடுங்கள், ஏனென்றால் அது வீட்டுக்காரரிடமிருந்து திரும்பி வரும் காசு. திரும்பும்போது நிலையத்தின் கணக்குக்கே வரும்படி எழுதிக்கொள்ளுங்கள். பயிற்சி தொடங்குவதற்கு ஒரு கிழமை முன் உதவிக் காசு பிள்ளையின் வங்கிக் கணக்கில் விழ வேண்டும். மேடையில் நிறுத்தி, உறை கொடுத்து, படம் எடுத்து முகநூலில் போடும் வேலை வேண்டவே வேண்டாம். உதவி வேண்டிய பிள்ளைகளில் பலர் அந்தப் படத்துக்குப் பயந்துதான் விண்ணப்பமே போடுவதில்லை. நன்கொடையாளருக்குக் கணக்கறிக்கை அனுப்புங்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்று சொல்லுங்கள், அது போதும்.

யாருக்குத் தேவை என்பதை அறிய கிராம அலுவலர் கடிதம், அஸ்வெசும (அரச நலன்புரிக் கொடுப்பனவு) அத்தாட்சி என்று ஆவணக் கட்டுக் கேட்காதீர்கள். அஸ்வெசுமப் பட்டியலில் விடுபட்ட ஏழைக் குடும்பங்கள் உங்களுக்கே தெரியும். எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே படிவம் கொடுங்கள்: வீட்டில் உழைப்பவர் எத்தனை பேர், வீட்டில் யாரையாவது பராமரிக்கும் பொறுப்பு உண்டா, தினமும் பஸ் ஏறும் இடம், தொடர்ந்து கிளினிக் போக வேண்டுமா, இரவு தங்கி வேலை செய்ய முடியாத காரணம் ஏதும் உண்டா. படிவம் இணைப்பாளரின் பெட்டியில் மட்டும் இருக்க வேண்டும். கம்பனிக்குப் போகக்கூடாது.

பருவச்சீட்டு பற்றி: இலங்கைப் போக்குவரத்துச் சபைப் பஸ்ஸுக்கான மாணவர் பருவச்சீட்டைப் பயிற்சிக் காலத்துக்கும் எடுக்க முடியுமா என்று நிலையக் கடிதத்தோடு கிளிநொச்சி டிப்போவில் முன்கூட்டியே கேளுங்கள். தனியார் பஸ்ஸில் அது செல்லாது. ஆகவே பிள்ளையின் வழியில் காலையில் எந்தப் பஸ் ஓடுகிறது என்று பார்த்த பிறகே அதைச் செலவுத் தாளில் கழியுங்கள். ஏ9 பெருவீதியில் பஸ்ஸுக்குக் குறைவில்லை. ஆனால் ஏ9க்கு வந்து சேர்வதுதான் வன்னியில் பயணமே. அக்கராயன், வட்டக்கச்சி, நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் உள்வீதிகளில் காலை ஒரு பஸ் தவறினால் அடுத்தது எப்போது என்று அந்த ஊர்ப் பிள்ளையைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். நேரசூசியை நம்ப வேண்டாம்.

பயிற்சி தொடங்கும் மாதத்தையும் மாற்றிப் பாருங்கள். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மாரிமழை. மதகுகளுக்கு மேலால் வெள்ளம் பாயும், குளங்களின் கதவு திறப்பார்கள், உள்வீதிப் பஸ்கள் நின்றுவிடும். காலபோக (மாரிகால நெல்) விதைப்புக்குக் காசெல்லாம் வயலில் இறங்கிக் குடும்பங்கள் கையில் ஒன்றும் இல்லாமல் இருக்கும் காலமும் அதுவே. முல்லைத்தீவுக் கரையிலும் அந்த மாதங்களில் கடல் கொந்தளிப்பு. நவம்பரில் தொடங்கும் பயிற்சியில் முதல் கிழமைகளிலேயே வரவு குறைந்து, பிள்ளைக்குக் கெட்ட பெயர் விழுந்துவிடும். அறுவடை முடிந்து நெல் விற்ற கையோடு, மார்ச் நடுப்பகுதியில் தொடங்கினால் அதே பிள்ளை அதே இடத்தில் தாக்குப்பிடிக்கும். நிதி எதுவுமே திரட்ட முடியாத நிலையத்துக்கும் இந்த மாற்றம் செலவில்லாமல் கைகூடும்.

இடங்களைப் பகிரும் முறை. மொத்தப் புள்ளி வரிசையில் முதலாம் ஆளைக் கூப்பிட்டு "எந்த இடம் வேண்டும்" என்று கேட்பது பழைய வழக்கம். முப்பத்தைந்தாம் ஆள் வரும்போது மிஞ்சியிருப்பது கொடுப்பனவில்லாத, தூர இடம். புள்ளி குறைந்த பிள்ளைக்குக் காரணம் பல நேரம் அதே தூரமும் அதே வறுமையும்தான், அப்படியிருக்க இரண்டாம் முறையும் அதற்கே தண்டனை கொடுக்கிறோம். இப்படிச் செய்யுங்கள்: படிவத்தில் உண்மையான கட்டுப்பாடு உள்ளவர்களை முதலில் எடுங்கள். கைக்குழந்தை உள்ள தாய், படுக்கையில் இருக்கும் தகப்பனைப் பார்ப்பவர், மாற்றுத்திறனாளி, மாதக் கிளினிக் உள்ளவர். அவர்கள் போகக்கூடிய இடங்களே மூன்றோ நாலோதான். அவற்றிலிருந்து அவர்களே தெரிவு செய்யட்டும். மற்ற எல்லோரும் ஐந்து விருப்பங்களை வரிசைப்படுத்தி எழுதட்டும். ஒரே இடத்துக்குப் பலர் கேட்டால் அந்தத் தொழிலுக்கான செய்முறைத் தேர்வு வைத்து, அதன்பிறகும் சமமாக இருந்தால் சீட்டுக் குலுக்குங்கள். விதியை ஒதுக்கீட்டுக்கு ஒரு மாதம் முன் அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் யாருக்குச் செய்தாலும் "அவருக்குச் செய்தார்கள்" என்ற கதை வரும்.

கம்பனிக்கு அனுப்பும் விபரக்கோவையில் படம், முழு முகவரி, தகப்பன் தாய் விபரம், மதம், திருமண நிலை எதுவும் வேண்டாம். மாவட்டம் போதும். உட்கிராம முகவரியைப் பார்த்ததும் "தூரம், ஒழுங்காக வராது" என்று ஒதுக்குவார்கள். குடும்பப் பின்னணியைக் கிளறி, போர்க்காலத்து விடயங்களைக் கேட்கும் முதலாளிகளும் உண்டு. அந்தக் கேள்விக்குப் பயிற்சியோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. நேர்முகத்தில் ஆங்கிலத்தில் தன்னைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்வதைவிட, ஒரு மோட்டரைக் கழற்றிப் பூட்டச் சொல்வதோ, ஒரு பற்றுச்சீட்டுக் கட்டைக் கணக்கில் ஏற்றச் சொல்வதோ நல்ல தெரிவைத் தரும் என்று கம்பனிக்கு நீங்களே சொல்லலாம். 20 நிமிடச் செய்முறை ஒன்றை நீங்களே தயாரித்தும் கொடுக்கலாம். கொழும்புக் கம்பனி சூம் நேர்முகம் வைத்தால், நிலையத்தில் ஓர் அறையும் கணினியும் இணைப்பும் ஒதுக்குங்கள். சிக்னலுக்காகக் குளக்கட்டில் ஏறி நின்று நேர்முகம் கொடுக்கும் பிள்ளையிடம் தன்னம்பிக்கையை எதிர்பார்க்க முடியாது.

செயற்கைக்கால் போட்ட மாணவர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் சட்டம்: 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், வேலைக்கு எடுப்பதிலும் கல்வி நிறுவன அனுமதியிலும் அந்தக் காரணத்துக்காகப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. கம்பனி "பாரமான வேலை, அவருக்குச் சரிவராது" என்றால், எந்த வேலை, எந்த அசைவு சரிவராது என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பதில் ஒரேயொரு வேலையாகச் சுருங்கும்: ஏணி, அல்லது பாரம் தூக்குதல். அதை மாற்றியமைக்கலாம்.

மற்றது காலின் நுட்பம். செயற்கைப் பாதம் ஒரு குறிப்பிட்ட குதி உயரத்துக்கு ஏற்பச் சமன் செய்யப்பட்டிருக்கும். செருப்புப் போட்டுப் பழகியவருக்குக் கம்பனி கனமான, குதி உயர்ந்த பாதுகாப்புச் சப்பாத்தைக் கொடுத்தால் முழங்கால் முன்னுக்குத் தள்ளப்படும், இடுப்பு நோகும், வெட்டப்பட்ட காலின் முனையில் அழுத்தம் விழுந்து புண் வரும். பத்தாம் நாள் அவர் வராமல் நிற்பார். ஆகவே சப்பாத்தை மூன்று கிழமை முன்னதாக வாங்கி, அதையும் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாண ஜெய்ப்பூர் நிலையம் போன்ற, கால் செய்து கொடுத்த இடத்துக்குப் போய்ச் சமன் திருத்திக்கொள்ள வேண்டும். வன்னி வெயிலில், செயற்கைக்காலில் காலின் முனை பொருந்தும் குழிக்குள் வியர்வை தேங்கும். காலின் முனைக்குப் போட மேலதிகமாக இரண்டு சோடி உறைகளும், மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் இருந்து கழற்றித் துடைக்க ஒரு கதிரையும் மறைவான மூலையும் வேண்டும். இவை எல்லாம் சேர்ந்தும் கம்பனிக்குச் செலவு ஒரு கதிரைதான். மோட்டர் சுற்றுதல், மின்னணுத் திருத்தம், உதிரிப்பாகக் களஞ்சியம் போன்ற இருந்து செய்யும் வேலைகள் உண்டு, ஆனால் அவரைக் கேட்காமல் அங்கே தள்ளிவிடாதீர்கள். வெல்டிங் பழக விரும்பினால் மேசை உயரத்தைச் சரிசெய்து கொடுத்தாலே அவரால் முடியும்.

இடத்தைப் பார்க்கப் போகும்போது அளவு நாடா கொண்டுபோங்கள். மலசலகூடத்தை முதலில் பாருங்கள்: குந்தும் வகை மட்டும்தான் என்றால் செயற்கைக்கால் போட்டவர் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பார். சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை 1:12 வீதம் வேண்டும். 150 மில்லிமீற்றர் படி இரண்டு இருந்தால் உயரம் 300, பாதை 3.6 மீற்றர் நீளம். ஒரு மீற்றர் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டுச் சரிவுப்பாதை என்று காட்டுவார்கள், அதில் ஏறினால் நாற்காலி பின்னால் கவிழும். கதவின் திறந்த அகலம் 800 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது, 900 நல்லது. நாற்காலி திரும்ப 1,500 மில்லிமீற்றர் விட்டம் வெற்றிடம். காது கேளாத பிள்ளைக்கு ஹோர்ன் ஒலிக்கும் இடத்தில் கூடவே மின்னும் விளக்கு ஒன்றைப் பூட்டச் சொல்லுங்கள், கட்டளைகளை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை அலுவலகப் பயிற்சிக்குப் போனால், என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் தமிழை வாசிக்கும், ஆனால் யுனிகோட் எழுத்தை மட்டும்தான். நம்முடைய அலுவலகங்களில் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். அதை மென்பொருள் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வாசிக்கும். அந்த அலுவலகத்தில் ஆவணங்கள் எதில் இருக்கின்றன என்று முன்கூட்டியே கேட்டு, எழுத்துரு மாற்றி மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்தி யுனிகோடுக்கு மாற்றும் ஏற்பாட்டைச் செய்துகொடுங்கள்.

பெண்பிள்ளைகள் விடயத்தில் "வீட்டில் விடமாட்டார்கள்" என்று முடித்துவிடுகிறோம். வீட்டில் ஏன் விடமாட்டார்கள் என்று கேட்டால் காரணங்கள் தெளிவானவை: ஐந்தரைக்கு வேலை முடிந்தால் ஆறரைக்கு இறங்கி, விளக்கில்லாத இரண்டு கிலோமீற்றர் சைக்கிள் ஓட வேண்டும், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் அந்த நேரம் வீதியில் யானை நிற்கும். எட்டரைக்குத் தொடங்குவதை ஏழரைக்கு ஆக்கி, நாலரைக்கு விடச் சொல்லிக் கம்பனியிடம் கேளுங்கள். மொத்த மணித்தியாலம் குறையாது, பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். ஒரே இடத்துக்கு ஒரு பெண்ணைத் தனியாக அனுப்பாமல் இருவராக அனுப்புங்கள். வெளியூர் என்றால் தங்குமிடத்தை நிலையத்திலிருந்து ஒரு பெண் உத்தியோகத்தர் நேரில் பார்க்க வேண்டும்: உள்ளிருந்து பூட்டும் கதவு, தண்ணீர், வேலைத்தளத்துக்கு நடக்கும் வழி. தாயையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் மறுப்பு பெரும்பாலும் கரைந்துவிடும்.

தொந்தரவு பற்றி வெளிப்படையாகக் கதையுங்கள். தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவு, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பிறகு, பாலியல் தொந்தரவை ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. இந்த வரியை ஒப்பந்தக் கடிதத்தில் போடுங்கள். முறைப்பாடு செய்ய வேண்டிய ஆள் கம்பனிக்கு வெளியே இருக்க வேண்டும், பெயரும் தொலைபேசி இலக்கமும் பிள்ளையின் கையில் முதல் நாளே இருக்க வேண்டும். முறைப்பாடு செய்தால் பயிற்சி முடிந்ததாகக் கணக்கு வராது என்ற பயம்தான் பிள்ளைகளை வாய்மூட வைக்கிறது. "அப்படியான காரணத்தால் இடத்தை விட்டு வந்தால் அதுவரை செய்த நாட்கள் முழுவதும் கணக்கில் சேரும், மிச்சத்துக்கு வேறு இடம் தருவோம்" என்று நிலையம் எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும்.

ஒப்பந்தக் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகத் தேவையில்லை, ஆனால் கம்பனி கையொப்பமிட்டிருக்க வேண்டும். அதில்: வேலை நேரம், கொடுப்பனவு, வழங்கும் திகதி, விபத்து நேர்ந்தால் சிகிச்சைச் செலவும் காப்புறுதியும் யாருடையது, பழக்குபவரின் பெயர், ஆறு மாதத்தில் கற்பிக்க வேண்டிய செய்முறைகளின் பட்டியல். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் ஊழியருக்கே நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி என்று வரையறுக்கிறது. பழக வந்த பிள்ளையை அதற்கு மேல் வைத்திருக்க நியாயமில்லை. செய்முறைப் பட்டியலை என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) தகுதித் தரத்திலிருந்தே எடுங்கள். பட்டியல் இல்லாத இடத்தில் ஆண்பிள்ளை சாமான் தூக்குவார், பெண்பிள்ளை தேநீர் ஊற்றிப் போட்டோப் பிரதி எடுப்பார். கடைசியில் மதிப்பீட்டுக்கு வரும்போது செய்துகாட்ட ஒன்றுமிருக்காது.

மொழி. கொழும்புக்கோ தென்பகுதிக்கோ போகும் பிள்ளைகளுக்குப் புறப்படுமுன் 40 மணித்தியாலம் பேச்சுச் சிங்களம் வையுங்கள், நாளுக்கு 2 மணி வீதம் நாலு கிழமை. இலக்கணத்தில் தொடங்க வேண்டாம். "நவத்தன்ன" என்றால் நிறுத்து, "பரிஸ்ஸமென்" என்றால் கவனம். மின்சாரமும் இயந்திரமும் உள்ள இடத்தில் இவை உயிர்காக்கும் சொற்கள். "தேருணே நேஹே, ஆயெத் கியன்ன" (விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்) என்று கூச்சமில்லாமல் சொல்லப் பழக்குங்கள். விளங்காமல் தலையாட்டிவிட்டுப் பிழையாகச் செய்வதால்தான் "இவருக்கு ஒன்றும் தெரியாது" என்ற பெயர் வருகிறது. முதலில் ஒரு மாதம், இரு மொழியும் புழங்கும் வவுனியா நகர இடம் ஒன்றில் விட்டுப் பிறகு தெற்கே அனுப்புவதும் நல்ல வழி. நாட்பதிவேட்டை முதல் இரண்டு மாதமாவது தமிழில் எழுத விடுங்கள். நீங்கள் பார்ப்பது அந்தப் பிள்ளை என்ன பழகியது என்பதை.

கண்காணிப்பு: மூன்றாம் நாள் ஒரு அழைப்பு, இரண்டாம் கிழமைக்குள் நேரில் ஒருமுறை, ஆறாம் கிழமை இன்னொருமுறை. மூன்றாம் மாதம்தான் முதல் விஜயம் என்றால் நின்றுபோகிற பிள்ளைகள் அதற்கு முன்பே நின்றுவிட்டிருப்பார்கள். பொறுப்பாளருக்கு முன்னால் கேட்காதீர்கள், வெளியே வந்து தேநீர்க் கடையில் இருந்து கேளுங்கள். "எல்லாம் ஓகேயா?" என்றால் "ஓம் சேர்" என்றுதான் பதில் வரும். நேற்று மத்தியானம் எங்கே சாப்பிட்டாய், எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனாய், போன கிழமை புதிதாக என்ன செய்தாய், கொடுப்பனவு எந்தத் திகதி வந்தது என்று கேளுங்கள்.

முழு நாளும் ஐந்து நாளும் வர முடியாத பிள்ளைக்கு நாட்களை நீட்டிக் கொடுக்கலாம். 24 கிழமை, கிழமைக்கு 5 நாள் என்றால் 120 நாள். அதே 120 நாளை கிழமைக்கு 4 நாள் வீதம் 30 கிழமையில் முடிக்கலாம். ஐந்தாம் நாள் கிளினிக்குக்கோ, கூலி வேலைக்கோ, பிள்ளையைப் பார்க்கவோ. மதிப்பீட்டுத் திகதிக்கு முன் முடியும்படி தொடக்கத்தைக் கணக்கிட்டு, கம்பனியின் சம்மதத்தைக் கடிதத்தில் எழுதிவிடுங்கள். வெள்ளத்தால் பஸ் ஓடாத நாளை வராத நாளாகக் கணக்கிடாமல், முடிவில் கூட்டிக் கொடுக்க வேண்டிய நாளாக மட்டும் எழுதுங்கள்.

இத்தனை செய்தாலும் 40 பேரில் இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். அவர்களுக்கு இரண்டாம் இடம் இல்லை என்று இப்போது பல நிலையங்களில் சொல்லாத விதி இருக்கிறது. பயிற்சி முடியாததால் தகைமைச் சான்றிதழும் இல்லாமல் அந்தப் பிள்ளைகள் முழுப் படிப்பையும் இழக்கிறார்கள். பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் மூன்று இடங்களை யாருக்கும் ஒதுக்காமல் எட்டாம் கிழமை வரை வைத்திருங்கள். நின்றுபோன பிள்ளையின் வீட்டுக்கு ஒரு கிழமைக்குள் போங்கள், காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அந்தக் காரணம் இல்லாத இடமாகப் பார்த்து அந்த மூன்றில் ஒன்றைக் கொடுங்கள்.